கரையில் காத்திருப்போருக்கு உரிய இருபது விழுக்காடு

பழவேற்காட்டு ஏரிக்கரையில் வாழ்ந்த முன்னோர், இரவில் இறால் வலைக்குப் புறப்படுமுன் அரிக்கேன் விளக்கைக் கையிலெடுத்து ஒருமுறை குலுக்கிப் பார்ப்பது வழக்கம். உள்ளே மண்ணெண்ணெய் தளும்பும் ஓசையைக் கொண்டே, அவ்விளக்கு விடியும்வரை எரியுமா, நடுச்சாமத்தில் அணைந்துவிடுமா என்பதை அவர்கள் கணித்துவிடுவர். எண்ணெய் குறைந்திருந்தால், எத்துணை அவசரமாயினும் நிரப்பாமல் படகில் கால் வைக்கமாட்டார்கள்.

இன்று அந்த விளக்கின் இடத்தைக் கைப்பேசி பிடித்துக்கொண்டது. இருளில் ஒளி காட்டுவதும் அதுவே. திசை காட்டுவதும் அதுவே. கரையிலிருப்போரின் குரலைப் படகுக்குக் கொண்டு சேர்ப்பதும் அதுவே. ஆயினும் புறப்படுமுன் அதைக் ‘குலுக்கிப் பார்ப்பவர்’ நம்மில் எத்தனை பேர்?

ஓர் இரவின் பாடம்

சில ஆண்டுகளுக்கு முன், மார்கழி மாதத்து ஓர் இரவு. மணி பத்தைத் தாண்டியிருக்கும். நம் இல்லத்துக் கதவு தட்டப்படும் ஓசை கேட்டு எழுந்து திறந்தோம். ஏரிக்கரைக் குப்பம் ஒன்றைச் சேர்ந்த தாய் ஒருவர் நடுங்கியபடி நின்றிருந்தார்.

“சாமி, பையனும் எங்க அண்ணனும் பொழுது சாய ஏரிக்குப் போனாங்க. இப்போ காத்து தூக்கிடுச்சு. போன் பண்ணினா ‘ஸ்விட்ச் ஆஃப்’னே வருது. ரெண்டு மணி நேரமா அதையேதான் சொல்லுது” என்றார்.

அன்றிரவு கரையில் கூடியவர் எவரும் உறங்கவில்லை. படகெடுத்துத் தேடச் செல்லலாம் என்றால், எத்திசையில் தேடுவது? நம் நாட்டின் உவர்நீர் ஏரிகளுள் சில்கா ஏரிக்கு அடுத்த பெரிய ஏரி இது. ஆந்திர எல்லைக்கு அப்பாலும் நெடுந்தொலைவு விரிந்து கிடப்பது. வாடைக்காற்று வீசும் இருட்டில், சிறு படகொன்றை அங்கே தேடுவது எளிதன்று. அத்தாயோ ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை அந்த எண்ணை அழுத்துவதும், அதே மறுமொழியைக் கேட்பதுமாக இருந்தார்.

விடிந்ததும் இருவரும் உயிரோடு திரும்பினர். இயந்திரத்தின் விசிறியில் வலை சுற்றிக்கொண்டதாம். காற்று படகைத் தள்ளிக்கொண்டுபோய் ஒரு மணல்திட்டில் ஏற்றிவிட்டதாம். உயிருக்கு ஆபத்து நேரவில்லை. ஒரு வார்த்தை பேச முடிந்திருந்தால் கரையிலிருந்தோர் நிம்மதியாய் இருந்திருப்பர். உதவிப் படகும் நேரே அவ்விடம் சென்றிருக்கும்.

“தம்பி, போனுக்கு என்னப்பா ஆச்சு?” என்று நாம் கேட்டோம். தலையைக் குனிந்துகொண்டான். “கெளம்பும்போது பதினொரு பெர்சென்ட் இருந்துச்சு சாமி. போதும்னு நெனச்சேன்” என்றான். மிச்சமெல்லாம் பிற்பகலில் கிரிக்கெட் பார்ப்பதில் தீர்ந்துபோயிருந்தது. தாய் அவனை ஏசவில்லை. அவன் கையிலிருந்த கைப்பேசியை வாங்கி, சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு, வீட்டை நோக்கி நடந்தார்.

அந்தப் பதினொரு விழுக்காடு பல நாள் நம் நினைவை விட்டு அகலவில்லை. கைப்பேசி மின்கலம் ஏன் இவ்வளவு விரைவில் தீர்கிறது, அதை எங்ஙனம் நீடிக்கச் செய்யலாம் என்று படித்தும், பழுதுபார்க்கும் தொழிலில் கைதேர்ந்த இளைஞரை வினவியும் அறிந்துகொண்டோம். அறிந்தவற்றை நம் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கைப்பேசி வெறும் விளையாட்டுப் பொருளன்று

கைப்பேசி என்றாலே வீண்பொழுது என்று பெரியோர் சலித்துக்கொள்வதுண்டு. அது முழு உண்மையன்று. வடகேரளக் கடற்கரையில் 1997 முதல் 2001 வரை கைப்பேசி படிப்படியாகப் பரவியபோது, மீனவர் வாழ்வில் நேர்ந்த மாற்றத்தை ராபர்ட் ஜென்சன் என்னும் பொருளாதார அறிஞர் ஆராய்ந்து 2007-ஆம் ஆண்டில் வெளியிட்டார். 1997 சனவரி 14 அன்று, வடகரை என்னும் ஊரில் 11 மீனவர்கள் தாம் பிடித்த மீனை வாங்குவாரின்றிக் கொட்டினர். அதே நாளில், 15 கிலோமீட்டர் தொலைவுக்குள் இருந்த சந்தைகளில் 27 வணிகர்கள் மீன் கிடைக்காமல் நின்றனர். ஒருவருக்கொருவர் செய்தி சொல்ல வழியில்லை, அதுவே குறை. கைப்பேசி வருமுன் 5 முதல் 8 விழுக்காடு மீன் இவ்வாறு வீணாயிற்று. வந்தபின் அந்த வீணடிப்பு ஏறக்குறைய மறைந்தது. மீனவரின் இலாபம் 8 விழுக்காடு உயர்ந்தது. மக்கள் கொடுத்த விலையோ 4 விழுக்காடு குறைந்தது.

பொருள் மட்டுமன்று, உயிரும் இதில் அடங்கியுள்ளது. 2017-ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் எழுந்தபோது, குமரி மாவட்டத்து மீனவர் பலர் எச்சரிக்கை எட்டாத தொலைவில் கடலில் இருந்தனர். அந்தத் துயரத்தை நாம் மறந்துவிட இயலாது. இன்று வானிலை எச்சரிக்கைகள் குறுஞ்செய்தியாகவும் செயலிகள் வழியாகவும் வருகின்றன. கடலோரக் காவல் படையை 1554 என்னும் எண்ணிலும், கடலோரப் பாதுகாப்புக் காவலரை 1093 என்னும் எண்ணிலும் கட்டணமின்றி அழைக்கலாம். ஆனால் மின்னேற்றம் தீர்ந்த கைப்பேசியில் எந்த எண்ணை அழுத்தினாலும் பயனில்லை.

ஏரியின் முகத்துவாரமும் மின்கலமும்

கைப்பேசியினுள் இருப்பது லித்தியம் அயனி மின்கலம்; பேட்டரி என நாம் வழங்குவது இதையே. இதற்கு அடிகோலிய ஜான் குடினஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019-ஆம் ஆண்டு வேதியியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. அப்போது குடினஃபுக்கு வயது 97. ஜப்பானின் சோனி நிறுவனம் 1991-இல் இவ்வகை மின்கலத்தை முதன்முதலாகச் சந்தைக்குக் கொண்டுவந்தது.

இது இயங்கும் விதத்தை நம் ஏரியைக் கொண்டே விளக்கலாம். மின்கலத்தினுள் இரண்டு கரைகள் உள்ளன. ஒன்று கரியால் ஆனது. மற்றது உலோகச் சேர்மத்தால் ஆனது. மின்னேற்றம் செய்யும்போது லித்தியம் அயனிகள் என்னும் நுண்துகள்கள் உலோகக் கரையிலிருந்து கரிக்கரைக்குச் செல்கின்றன. கைப்பேசியைப் பயன்படுத்தும்போது அவை திரும்பி வருகின்றன. கடல் நீர் முகத்துவாரத்தின் வழியே ஏரிக்குள் ஏறுவதும், வற்றும்போது வெளியேறுவதும் போன்றதே இது.

நம் முகத்துவாரம் ஆண்டுதோறும் மணல் மூடி அடைபடுவதை நாம் காண்கிறோம். அடைபட்டால் ஏரியில் நீர் இருந்தும் போக்குவரத்து இல்லை, மீன்வளம் குன்றுகிறது. மின்கலத்திலும் அவ்வாறே. ஒவ்வொரு முறை மின்னேற்றும்போதும் கரிக்கரையின் மேல் ஒரு மெல்லிய படலம் சிறிது தடிக்கிறது. சில அயனிகள் அதிலேயே சிக்கிக்கொள்கின்றன. எஞ்சியவற்றுக்கும் வழி குறுகுகிறது. பழைய கைப்பேசி 20 விழுக்காடு காட்டிக்கொண்டிருக்கும்போதே திடீரென அணைந்துபோவது இதனால்தான். உள்ளே மின்னாற்றல் இல்லாமலில்லை. வேண்டிய வேகத்தில் வெளியே வர வழியில்லை.

இந்தப் படலம் தடிப்பதை நாம் முற்றிலும் தடுக்க முடியாது, தாமதப்படுத்த முடியும். அதை விரைவுபடுத்தும் பகைவர் இருவர்: வெப்பமும், அளவு மீறிய மின்னேற்றமும். அன்றாட மின்னாற்றலைக் கொள்ளையிடும் பகைவன் ஒருவன் உண்டு: எட்டாத கோபுரம். இம்மூவரும் நம் ஏரிக்கரையில் ஒருங்கே வாழ்கின்றனர் எனலாம்.

முதற் பகைவன்: வெப்பம்

கோடையில் திருவள்ளூர் மாவட்டத்தில் வெயில் 40 பாகை செல்சியசைத் தாண்டும் நாள்கள் உண்டு. கைப்பேசி மின்கலத்துக்கோ 35 பாகைக்கு மேற்பட்ட சூடு ஆகாது. ஆய்வுக்கூட அளவீடு ஒன்றைக் கூறுவோம். முழு மின்னேற்றத்துடன் 40 பாகை வெப்பத்தில் ஓராண்டு கிடக்கும் மின்கலம், தன் கொள்ளளவில் ஏறத்தாழ 35 விழுக்காட்டை இழக்கிறது. 40 விழுக்காடு மின்னேற்றத்துடன் 25 பாகையில் வைக்கப்பட்டதோ 4 விழுக்காட்டை மட்டுமே இழக்கிறது. ஒரே பொருள், ஒரே காலம். ஆயினும் வைக்கப்பட்ட நிலையால் எத்துணை வேறுபாடு!

ஆகவே படகில் இயந்திரப் பெட்டியின் மேல் கைப்பேசியை வைக்காதீர்கள். வெயிலில் காயும் பலகையின்மேலும் வைக்காதீர்கள். பலகைக்குக் கீழே, நிழலில், காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். பிளாஸ்டிக் உறை நீரைத் தடுக்கும். ஆனால் அதை வெயிலில் வைத்தால் உள்ளே சூளை போலாகிவிடும். சூடான கைப்பேசியைக் குளிர்விக்க மீன் வைக்கும் ஐஸ் பெட்டிக்குள் போடும் வழக்கமும் சிலரிடம் உண்டு. அது பெருந்தவறு. திடீர்க் குளிர்ச்சியால் உள்ளே நீர் வியர்த்து நுண்ணிய பாகங்களைக் கெடுக்கும். உறைநிலைக்குக் கீழே குளிர்ந்த மின்கலத்தை மின்னேற்றினால் அது நிலையாகவே பழுதுபடும்.

வீட்டிலும் இதே விதிதான். தலையணைக்கடியில் வைத்து மின்னேற்றுதல், அடுப்பங்கரைச் சன்னலில் வைத்தல், மின்னேறும்போதே விளையாடுதல் ஆகியவை கைப்பேசியைச் சூடாக்கும் பழக்கங்கள்.

இரண்டாம் பகைவன்: அளவு மீறிய மின்னேற்றம்

மின்கலத்துக்கு வயிறு முட்ட உண்பதும் ஆகாது. பட்டினி கிடப்பதும் ஆகாது. 20 விழுக்காட்டுக்குக் கீழே இறங்காமலும், 80 விழுக்காட்டுக்கு மேல் நெடுநேரம் நில்லாமலும் பார்த்துக்கொண்டால் அதன் ஆயுள் நீளும். இரவு முழுவதும் செருகி வைத்தால் வெடித்துவிடும் என்று சிலர் அஞ்சுகின்றனர். நல்ல கைப்பேசி நிரம்பியதும் தானே மின்னேற்றத்தை நிறுத்திக்கொள்ளும். ஆயினும் இரவெல்லாம் 100 விழுக்காட்டிலேயே நிற்பது மின்கலத்துக்குச் சுமையே. இக்காலக் கைப்பேசிகள் பலவற்றில், 80 விழுக்காட்டில் மின்னேற்றத்தை நிறுத்தும் வசதி பேட்டரி அமைப்புகளில் உள்ளது. பிள்ளைகளைக் கேட்டால் அதைக் கண்டுபிடித்துத் தருவார்கள்.

“மாதம் ஒருமுறை முழுவதும் தீர்த்துவிட்டுத்தான் சார்ஜ் போடவேண்டும்” என்றும், “புதிய போனை எட்டு மணி நேரம் சார்ஜ் போட்ட பிறகே தொடவேண்டும்” என்றும் இன்னும் பலர் கூறுகின்றனர். இவை பழைய நிக்கல்–காட்மியம் மின்கலங்களின் காலத்து அறிவுரைகள். லித்தியம் மின்கலத்துக்கு இவை பொருந்தா. முழுவதும் தீர்ப்பது கேடே விளைவிக்கும். சிறிது சிறிதாக இடையிடையே மின்னேற்றலாமா என்று தயங்க வேண்டியதில்லை. இன்று 60, நாளை 40 விழுக்காடு செலவானால், இரண்டும் சேர்ந்தே ஒரு சுற்றாகக் கணக்கிடப்படும். ஐரோப்பிய ஒன்றியம் 2025 சூன் 20 முதல், அங்கு விற்கப்படும் கைப்பேசிகளின் மின்கலம் இத்தகைய 800 சுற்றுகளுக்குப் பின்னும் 80 விழுக்காடு கொள்ளளவுடன் இருத்தல் வேண்டும் என்று விதித்துள்ளது. மின்கலம் தேய்வது இயல்பு. எவ்வளவு வேகமாகத் தேய்கிறது என்பதில் நம் பழக்கத்துக்கும் பங்கு உண்டு.

மின்னேற்றியை வாங்கும்போது மலிவை மட்டும் பார்க்கலாகாது. இந்தியத் தரநிர்ணய முத்திரை அதில் உள்ளதா எனப் பார்த்து வாங்குங்கள். அழுத்தம் ஏறி இறங்கும் மின்சாரத்தில், தரங்குறைந்த மின்னேற்றி கைப்பேசியை மட்டுமன்றி வீட்டையும் ஆபத்துக்குள்ளாக்கும்.

மூன்றாம் பகைவன்: எட்டாத கோபுரம்

கரையில் இரண்டு நாள் தாங்கும் கைப்பேசி, படகில் ஒரே இரவில் தீர்ந்துபோவதேன் என்று பலர் வியக்கின்றனர். காரணம் இதுதான். கைப்பேசி எப்போதும் ஒரு கோபுரத்தோடு பேசிக்கொண்டே இருக்கிறது. கோபுரம் அருகில் இருந்தால் மெல்லப் பேசினால் போதும். தொலைவில் இருந்தால் உரக்கக் கூவவேண்டும். கிடைக்கவில்லையேல் திரும்பத் திரும்பத் தேடவேண்டும். அக்கரையில் நிற்பவரை இக்கரையிலிருந்து கூப்பிட்டால் தொண்டை வறண்டுபோவது போல, அலைவரிசை குறைந்த இடத்தில் மின்கலம் வறண்டுபோகிறது.

கரையிலிருந்து சில மைல் தாண்டிக் கடலுக்குள் சென்றுவிட்டால் கோபுரத்தின் கை எட்டாது. ஆழ்கடல் செல்வோர் வி.எச்.எஃப். கருவியையும் செயற்கைக்கோள் வழிச் செய்தி பெறும் கருவியையும் நம்பவேண்டுமேயன்றிக் கைப்பேசியை நம்பலாகாது. அங்கே ‘ஃப்ளைட் மோடு’ என்னும் நிலையில் வைத்துவிடுங்கள்; வீண் தேடல் நின்றுவிடும். பெரும்பாலான கைப்பேசிகளில் அந்நிலையிலும் ஜி.பி.எஸ். இயங்கும். அது செயற்கைக்கோள்களிலிருந்து செய்தி பெறுவதேயன்றிக் கோபுரத்தை நாடுவதன்று. ஆனால் வரைபடத்தைக் கரையிலேயே இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஃப்ளைட் மோடில் இருக்கும் கைப்பேசிக்கு அழைப்பும் வராது; புயல் எச்சரிக்கையும் வராது. எனவே அலைவரிசை கிடைக்கும் ஏரிப்பகுதியில் அதைப் பயன்படுத்த வேண்டாம். கிடைக்காத இடத்துக்குச் செல்வோர், புறப்படுமுன் வீட்டாரோடு நேரம் குறித்துக்கொள்ளுங்கள். எட்டு மணிக்கு ஒருமுறை, பதினொன்றுக்கு ஒருமுறை, இரண்டுக்கு ஒருமுறை என்று பேசிவைத்து, அலைவரிசை எட்டும் இடத்துக்கு வந்து, கைப்பேசியை இயல்பு நிலைக்குக் கொண்டுவந்து, “நலம்” என்று ஒரு குறுஞ்செய்தி அனுப்பினால் போதும். பேச்சுக்கு எட்டாத அலைவரிசையிலும் குறுஞ்செய்தி பல வேளைகளில் சென்று சேர்ந்துவிடும்; மின்செலவும் குறைவு. வீட்டிலிருப்போரும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அழைத்து அந்தக் கைப்பேசியின் மின்னாற்றலைத் தீர்த்துவிடாமல், குறித்த நேரம்வரை பொறுத்திருக்கலாம்.

அன்றாடச் சிக்கனம்

கைப்பேசியில் பெருஞ்செலவாளி அதன் திரையே. ஒளியைக் குறைத்து வையுங்கள். தொடாதபோது 30 நொடியில் திரை தானே அணையுமாறு அமையுங்கள். ஓ.எல்.இ.டி. வகைத் திரையாயின் கறுப்புப் பின்னணி மின்னாற்றலை மிச்சப்படுத்தும். மற்ற வகைத் திரைகளில் அதனால் பயன் குறைவே. உங்கள் இருப்பிடத்தை ஓயாது கவனிக்கும் செயலிகளுக்கு, ‘பயன்படுத்தும்போது மட்டும்’ என்று அனுமதியைச் சுருக்குங்கள். 5ஜி சேவை எட்டாத ஊரில் 4ஜி-யைத் தேர்ந்து வைத்தால், இல்லாததைத் தேடும் செலவு மிஞ்சும். செயலிகளை அடிக்கடி தள்ளி மூடுவது சிக்கனம் என்று பலர் எண்ணுகின்றனர். அடிக்கடி பயன்படும் செயலியை ஒவ்வொரு முறையும் புதிதாகத் திறப்பதற்கே மின்செலவு கூடுதல்.

பவர் பேங்க் வாங்குவோர் ஒரு கணக்கை அறிந்திருத்தல் நன்று. அதன்மேல் 10,000 மில்லி ஆம்பியர் மணி என்று எழுதியிருந்தாலும், மின்னழுத்தத்தை மாற்றும்போது ஒரு பகுதி வெப்பமாகக் கழிந்துவிடும். நம் கைக்கு வருவது ஏறத்தாழ 6,000 அளவே. 5,000 கொள்ளளவுள்ள கைப்பேசியை ஒருமுறை நிரப்பவும், மேலும் சிறிது கொடுக்கவும் அது போதும். இரண்டு முறை நிரப்பும் என்று நம்பி ஏமாறவேண்டாம்.

படகுக்கென்று ஒரு பட்டன் போன் வைத்துக்கொள்வது நம் பரிந்துரைகளுள் முதன்மையானது. பெரிய திரை இல்லாததால் ஒருமுறை மின்னேற்றினால் சில நாள் தாங்கும். உங்கள் சிம் அட்டை அதில் வேலை செய்கிறதா என்று கரையிலேயே சோதித்துவிடுங்கள். நீர் புகாத உறையிலிட்டுப் படகிலேயே வைத்துவிட்டால், அதில் கிரிக்கெட் பார்க்க எவருக்கும் தோன்றாது!

உப்புநீர் பட்டுவிட்டால் உடனே அணைத்துவிடுங்கள். துடைத்து, நிழலில் காற்றாட உலரவிட்டு, பழுதுபார்ப்பவரிடம் காட்டுங்கள். ஈரத்தோடு மின்னேற்றுதல் கூடவே கூடாது. அரிசிப் பானைக்குள் புதைக்கும் வைத்தியமும் வேண்டாம். துகள்கள் துளைகளில் புகுந்து மேலும் கெடுக்கும்.

கைப்பேசியின் முதுகு உப்பியிருப்பதைக் கண்டால் அதை அழுத்தவோ குத்தவோ வேண்டாம்; மின்னேற்றவும் வேண்டாம். உள்ளே வாயு சேர்ந்து தீப்பற்றும் நிலை அது. மின்கலத்தை மட்டும் மாற்றினால் பல கைப்பேசிகள் இன்னும் இரண்டு மூன்று ஆண்டுகள் உழைக்கும். புதியது வாங்கிக் கடன்பட வேண்டியதில்லை. கழித்த மின்கலத்தை ஏரியிலோ குப்பையிலோ எறியாதீர்கள். 2022-ஆம் ஆண்டின் மின்கலக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, அவற்றைத் திரும்பப் பெறும் பொறுப்பு உற்பத்தியாளருடையது. அவர்தம் சேவை மையத்தில் ஒப்படையுங்கள். நாம் உண்ணும் மடவையும் இறாலும் வாழும் நீரல்லவா அது?

புயல் நாள்களில்

2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் சென்னையையும் நம் மாவட்டத்தையும் வெள்ளக்காடாக்கியபோது, பல இடங்களில் மின்சாரமும் கைப்பேசித் தொடர்பும் ஒருங்கே அற்றுப்போயின. அத்தகைய நாள்களுக்கு மட்டும் நாம் மேலே கூறிய 80 விழுக்காட்டு விதியைத் தளர்த்திவிடலாம். எச்சரிக்கை வந்தவுடன் வீட்டிலுள்ள எல்லாக் கைப்பேசிகளையும், பவர் பேங்கையும், டார்ச் விளக்கையும் முழுவதும் நிரப்பிவிடுங்கள். ஆண்டில் சில நாள் 100 விழுக்காட்டில் நிற்பதால் மின்கலம் பாழாகிவிடாது.

மின்சாரம் நின்றபின் வீட்டில் ஒரே ஒரு கைப்பேசியை மட்டும், பேட்டரி சேமிப்பு நிலையில், விழித்திருக்கச் செய்யுங்கள். மற்றவற்றை அணைத்து வையுங்கள். முதலாவது தீர்ந்தபின் இரண்டாவதை எடுங்கள். படமும் காணொளியும் அனுப்புவதை நிறுத்திவிட்டுக் குறுஞ்செய்தியோடு நில்லுங்கள். செய்தி கேட்க வானொலிப் பெட்டி இருக்கிறது; இரண்டு சிறிய பேட்டரிகளில் பல நாள் பாடும். முக்கியமான எண்கள் நான்கைந்தைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவையுங்கள். கைப்பேசி அணைந்தால் பெற்ற மகனின் எண்ணும் நினைவுக்கு வராத காலம் இது.

பாடு முறை கற்பிப்பது

நம் ஏரிக்கரைக் குப்பங்களில் ‘பாடு’ என்னும் பழைய முறை உண்டு. எல்லார்க்கும் வேண்டிய ஏரி ஒன்று. இறால் மிகுந்த இடங்களோ சில. எனவே சீட்டுப் போட்டு, இன்னாருக்கு இன்ன நாள் இன்ன இடம் என்று முறை வகுத்து, ஒருவர் பங்கில் மற்றவர் வலை விரிக்காமல் வாழக் கற்றவர்கள் நம் மக்கள். குறைந்த பொருளைப் பங்கிட்டு ஆளும் கலையை அவர்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

கைப்பேசியின் மின்னாற்றலுக்கும் அவ்வாறு ஒரு பாடு வகுத்தால் என்ன? தொழிலுக்கு ஒரு பங்கு. பிள்ளைகளின் படிப்புக்கு ஒரு பங்கு. பொழுதுபோக்குக்கும் ஒரு சிறு பங்கு இருக்கட்டும், அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் கடைசி 20 விழுக்காடு எவருடைய பாடும் அன்று. அது கரையில் காத்திருப்போருக்கு உரியது. அதில் கிரிக்கெட்டுக்கும் இடமில்லை, சினிமாவுக்கும் இடமில்லை. 20 விழுக்காட்டுக்குக் கீழே இறங்காதிருப்பது மின்கலத்தின் ஆயுளுக்கும் நன்று என்று முன்னரே கண்டோம். கருவிக்கு நன்மை தருவதும் குடும்பத்துக்கு நன்மை தருவதும் இங்கே ஒன்றாகவே அமைந்துள்ளன.

நாம் கூறிய அந்த இளைஞன் இப்போதும் ஏரிக்குப் போகிறான். அண்மையில் ஒரு மாலை, படகுத்துறையில் அவனைக் கண்டோம். வலையைப் படகில் ஏற்றிவிட்டு, கைப்பேசியை எடுத்துத் திரையை ஒருமுறை பார்த்தான். பிறகு கரையில் நின்ற தாயின் பக்கம் திருப்பிக் காட்டினான். “எண்பத்தாறும்மா” என்றான். அவர் தலையசைத்தார். படகு புறப்பட்டது.

முன்னோர் விளக்கைக் குலுக்கிப் பார்த்ததும் இதுதானே?